மீந்த கஞ்சியும் மறுசூடும்: நம் சமையலறையில் கவனிக்கத் தவறும் கிருமிகள்

ரமளான் வந்துவிட்டால் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஊசி போட்டால் நோன்பு முறியுமா, கண்ணுக்கு மருந்து விடலாமா, விடுபட்ட நோன்பை எப்போது களாச் செய்வது என்று கேட்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி கேட்டது மட்டும் வேறு விதமாக இருந்தது.

"ஹஜ்ரத், அஸருக்குப் பிறகு பள்ளியில் வாங்கி வருகிற கஞ்சி, நோன்பு திறந்தது போக எப்படியும் அரைத் தூக்கு மீந்துவிடுகிறது. அதை அப்படியே மூடி வைத்து, சஹருக்குக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். நல்லாத்தான் இருக்கும், வாடை எதுவும் வராது. ஆனால் இரண்டு மூன்று தடவை பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டது. கஞ்சியைக் கொட்டவும் மனசு வரவில்லை. வீண்விரயம் செய்தால் அல்லாஹ் கேட்பானே?"

இதில் பாதி மார்க்கக் கேள்வி, பாதி மருத்துவக் கேள்வி. மருத்துவம் நமது துறை இல்லை என்பதால் மருத்துவரான சகோதரர் ஒருவரிடம் கேட்டோம். உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான உணவு பற்றி வெளியிட்டுள்ளவற்றையும் வாசித்தோம். அந்தச் சகோதரியின் வீட்டில் நடக்கும் அதே தவறு நம் வீட்டிலும் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. "நல்லா கொதிக்க வச்சுட்டா எல்லாக் கிருமியும் செத்துடும்" என்ற நம்பிக்கைதான் அந்தத் தவறு.

கொதிக்க வைத்தால் எது சாகும், எது சாகாது?

பாக்டீரியாக்கள் எங்கும் உள்ளன. மண்ணில், அரிசியில், நமது தோலில், மூக்கில், ஆடு கோழிகளின் குடலில் எல்லாம் அவை வாழ்கின்றன. பெரும்பாலானவற்றால் நமக்கு எந்தத் தீங்கும் இல்லை, பலவற்றால் நன்மையே உண்டு. நோய் தரக்கூடிய சில வகைகள், உணவில் பெருகுவதற்கு நேரம் கிடைக்கும்போதுதான் ஆபத்தாகின்றன. அவை பெருகுவதற்கு ஏற்ற வெப்பநிலை 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. அதாவது குளிர்சாதனப் பெட்டியின் குளிரைவிடக் கூடுதலாகவும், கை வைக்க முடியாத சூட்டைவிடக் குறைவாகவும் உள்ள எல்லா நிலையும் அவற்றுக்கு வசதியானதுதான். நமது ஊர்களின் அறை வெப்பம் இதற்கு நடுவில் இருக்கிறது. சூழல் நன்றாக அமைந்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிருமி, 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

சால்மோனெல்லா போன்றவை நன்கு கொதித்தால் செத்துவிடும். அந்த வகையில் நமது நம்பிக்கை சரிதான். ஆனால் சோற்றிலும் கறியிலும் அதிகம் காணப்படும் வேறு மூன்று கிருமிகள் கொதிக்க வைப்பதற்குக் கட்டுப்படுவதில்லை.

முதலாவது, பேசில்லஸ் சீரியஸ். இது மண்ணிலிருந்து அரிசி, பருப்பு, மசாலாக்களோடு நம் வீட்டுக்கு வருகிறது. 'ஸ்போர்' எனப்படும் கெட்டியான வித்தாக ஒடுங்கியிருக்கக்கூடியது. சோறு கொதிப்பதால் அந்த வித்து சாவதில்லை. அடுப்பை அணைத்துச் சோறு வெதுவெதுப்புக்கு வந்ததும் வித்து முளைத்துக் கிருமி பெருகத் தொடங்கும். பெருகும்போது ஒரு நஞ்சையும் விடும். அந்த நஞ்சு 121 டிகிரி சூட்டையும் ஒன்றரை மணி நேரம் தாங்கக்கூடியது. நம் அடுப்பில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே மறுசூடு செய்யும்போது கிருமி செத்தாலும், அது விட்டுப்போன நஞ்சு கஞ்சியிலேயே இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் இது தெரியவந்தது. சோற்றை மொத்தமாக வடித்து அப்படியே வெளியில் வைத்திருந்து, வாடிக்கையாளர் வந்ததும் வாணலியில் வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். வறுத்த சூடு யாரையும் காப்பாற்றவில்லை.

இரண்டாவது, க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ். இதுவும் வித்து வகை. பெரிய அண்டாவிலும் தேக்சாவிலும் கறி சமைத்து, அது மெதுவாக ஆறும்போது பெருகும். காற்று புகாத அடிப்பகுதி இதற்கு மிகவும் பிடித்தமான இடம். சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலியும் பேதியும் வரும். பத்துப் பேருக்கு ஆக்கும் சட்டியைவிட ஐநூறு பேருக்கு ஆக்கும் தேக்சாவில் ஆபத்து கூடுவதற்குக் காரணம், பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருப்பதுதான்.

மூன்றாவது, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது மண்ணிலிருந்து வருவதில்லை. மனிதர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவரின் மூக்கில் இது வாழ்கிறது, அவர்களுக்கு எந்த நோயும் இருக்காது. மூக்கைத் தொட்ட கை, விரலில் சிறு புண், சீழ் கட்டிய வெட்டுக்காயம் இவற்றின் வழியாக உணவில் இறங்கும். இதன் நஞ்சும் கொதிக்க வைத்தால் அழியாது.

இந்த மூன்றுமே உணவின் நிறத்தையோ சுவையையோ மணத்தையோ மாற்ற வேண்டும் என்பதில்லை. முகர்ந்து பார்த்து, நாக்கில் தொட்டுப் பார்த்து, "ஒன்றும் ஆகவில்லை" என்று நம் உம்மாமார் சொல்லும் தீர்ப்பு இவற்றிடம் செல்லாது. பார்க்க வேண்டியது கடிகாரத்தைத்தான். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இனி அந்தச் சகோதரியின் கஞ்சிக்கு வருவோம். பள்ளியில் கஞ்சி இறக்குவது ஏறக்குறைய மாலை 4 மணி. 5 மணிக்குத் தூக்கு வீட்டுக்கு வருகிறது. ஏடு கட்டிய கெட்டிக் கஞ்சி என்பதால் மஃக்ரிப் வரை சூடு நிற்கும், அதில் பயமில்லை. நோன்பு திறந்து, தொழுது, தராவீஹ் முடித்து வரும்போது இரவு 10 மணி. கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கிறது. அப்படியே மூடி வைத்தால் சஹர் வரை இன்னும் 6 மணி நேரம். அரிசி, பாசிப்பருப்பு, கைமா, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்த அந்தக் கஞ்சியைவிட நல்ல விருந்து பாக்டீரியாவுக்குக் கிடைக்காது!

சஹருக்குக் கஞ்சி வேண்டும் என்றால், மஃக்ரிப் தொழுததும் அகலமான தட்டிலோ தாம்பாளத்திலோ மெல்லிசாக ஊற்றி, அதைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து அரை மணி நேரத்தில் ஆற வைத்து, சிறு பாத்திரங்களில் மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். தூக்கோடு வைத்தால் நடுவில் உள்ள கஞ்சி குளிர விடியும் வரை ஆகும். சஹருக்குக் குடிக்கிற அளவை மட்டும் எடுத்து ஆவி பறக்கக் கொதிக்க வைக்கலாம். லேசாக வெதுவெதுப்பாக இருப்பதைப் பெட்டியில் வைத்தால் பெட்டி கெட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிறு பாத்திரத்தால் ஒன்றும் கெடாது. பெட்டி இல்லாத வீட்டில் கஞ்சியைச் சஹருக்கு வைக்கவே வேண்டாம்.

பழைய சோறு மட்டும் எப்படி?

இதைச் சொன்னதும் எல்லா ஊரிலும் வருகிற கேள்வி இது. "நம் பாட்டன் பூட்டன் எல்லாம் ராத்திரி சோற்றை வைத்துக் காலையில் சாப்பிட்டவர்கள்தானே?" நல்ல கேள்வி. பழைய சோற்றில் வெறும் சோறும் தண்ணீரும்தான் உண்டு. தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, சோற்றைப் புளிக்கச் செய்கின்றன. அந்தப் புளிப்பு தீய கிருமிகளைப் பெருகவிடாமல் அடக்குகிறது. தயிரும் தோசை மாவும் இதே வழியில்தான் நமக்குக் கிடைக்கின்றன. கறிக் கஞ்சிக்கும் பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவை புளித்தால் நாமே கொட்டிவிடுகிறோம், புளிக்காமல் இருக்கும்போதுதான் நம்பிச் சாப்பிடுகிறோம்.

கொட்டுவது இஸ்ராஃபா?

சகோதரியின் கேள்வியில் மார்க்கப் பாதி இதுதான். உண்பதிலும் பருகுவதிலும் வீண்விரயம் கூடாது என்று குர்ஆன் (7:31) தெளிவாகச் சொல்கிறது. விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்ற அளவுக்குக் கண்டிக்கிறது (17:27). கீழே விழுந்த கவளத்தைக்கூட எடுத்து உண்ண வேண்டும், ஷைத்தானுக்கு விட்டுவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இந்த ஹதீஸைப் பயானில் கேட்டு வளர்ந்த நம் தாய்மார்கள் ஒரு கைப்பிடிச் சோற்றைக் கொட்டவும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் ஈமானிலிருந்து வருவது, அதைக் குறை சொல்ல நமக்கு நாக்கு வராது.

ஆனால் அதே ஹதீஸில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விழுந்த கவளத்தில் ஒட்டியிருக்கும் 'அதா'வை நீக்கிவிட்டு உண்ண வேண்டும். அந்த அரபுச் சொல்லுக்குத் தொல்லை தருவது, தீங்கானது என்ற பொருளும் உண்டு. மண்ணைத் துடைத்துவிடலாம். கஞ்சி முழுக்கக் கலந்துவிட்ட நஞ்சை எதைக் கொண்டு துடைப்பது?

இதைவிடத் தெளிவான ஆதாரமும் நமக்கு உண்டு. அம்பெய்து வேட்டையாடிய பிராணி மூன்று நாள் கழித்துக் கிடைத்தால், நாற்றம் எடுக்காதவரை உண்ணலாம் என்ற கருத்தில் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகிறது. அதற்கு விளக்கம் எழுதும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், நாற்றமெடுத்த இறைச்சியையும் மற்ற உணவுகளையும் உண்பது மக்ரூஹ், அதனால் தீங்கு நேரும் என்று நம்பத் தகுந்த அச்சம் இருந்தால் ஹராம் என்று சொல்கிறார்கள். கவனியுங்கள், ஹராம் என்ற எல்லைக்குக் கொண்டுபோவது நாற்றம் இல்லை, தீங்கு. பல நூற்றாண்டுகளுக்கு முன் மூக்கும் நாக்கும்தான் தீங்கை அறியும் கருவிகள். இன்று நமக்கு நேரமும் வெப்பநிலையும் தெரியும். அறிந்த பிறகு அறியாதவர் போல நடந்துகொள்ள முடியாது. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்திலான வசனமும் (2:195) இதே பக்கம்தான் நிற்கிறது.

எனவே நாம் அந்தச் சகோதரிக்குச் சொன்ன பதில்: ஆறு மணி நேரம் வெளியில் இருந்த கஞ்சியைக் கொட்டுவது இஸ்ராஃப் ஆகாது. இஸ்ராஃப் அதற்கு முன்பே நடந்துவிட்டது, நான்கு பேர் உள்ள வீட்டிலிருந்து எட்டுப் பேருக்கான தூக்கை அனுப்பியபோது.

(ஆட்டுக்குப் போட்டால் விரயம் ஆகாதே என்பார்கள். பச்சையும் வைக்கோலும் தின்னும் ஆட்டுக்கு ஒரேயடியாகச் சோற்றைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் கூடி, உப்பிச் செத்துப்போகும். பக்ரீதுக்கு வளர்த்த கிடாவை இப்படி இழந்தவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள்.)

வலீமா மீதி யாருக்குப் போகிறது?

இங்கே நமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், ஊரில் கல்யாணம் என்றால் பிள்ளைகளுக்கு அன்று பெருநாள் மாதிரி. மதியம் பந்தி முடிந்து, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து, பக்கத்து வீடுகளுக்கு அனுப்பி, கடைசியாக மீந்தது மஃக்ரிபுக்குப் பிறகு வாளிகளில் மதரஸாவுக்கு வரும். ஒரு முறை அப்படி வந்த பிரியாணியை இஷாவுக்குப் பின் நாற்பது பிள்ளைகள் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது. நள்ளிரவுக்கு மேல் இரண்டே இரண்டு கழிப்பறைகளின் வாசலில் சிறுவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. பத்து வயதுப் பையன் ஒருவனை விடியும்போது துவண்ட நிலையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் அவன் கண்ணைத் திறந்தான். கண்ணேறு என்றார்கள் சிலர், தண்ணீர் சரியில்லை என்றார்கள் சிலர். பிரியாணியை யாரும் சந்தேகிக்கவில்லை, ஏனெனில் மதியம் சாப்பிட்ட ஊர்க்காரர் எவருக்கும் எதுவும் ஆகவில்லை.

இப்போது கணக்குப் பார்த்தால் விளங்குகிறது. ஃபஜ்ருக்கு அடுப்பு மூட்டி, 11 மணிக்குத் தம் உடைத்திருப்பார்கள். மூடி திறந்து, கிளறி, சஹனுக்கு எடுத்து, மீண்டும் மூடி என்று தேக்சா ஆறிக்கொண்டே இருந்திருக்கும். இரவு 9 மணிக்கு எங்கள் தட்டுக்கு வந்தபோது அந்தச் சோறு ஏழெட்டு மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்திருக்கிறது. மதியம் உண்டவருக்குப் பாதுகாப்பாக இருந்த அதே பிரியாணி, இரவு உண்டவருக்கு அப்படி இல்லை. கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே வாங்க மாட்டாத பொருளைத் தர்மத்துக்கென்று ஒதுக்காதீர்கள் என்ற கருத்திலான குர்ஆன் வசனம் (2:267) இங்கே நினைவுக்கு வராமல் இருக்காது. வீட்டார் அடுத்த வேளைக்குப் புதிதாக ஆக்கிச் சாப்பிட்டுக்கொண்டே, ஆறிப்போனதை யதீம் பிள்ளைகளுக்கு அனுப்புவது எந்த வகை?

ஜமாஅத்துகளும் கல்யாண வீட்டாரும் இதை மாற்ற முடியும், செலவும் கிடையாது. மதரஸாவுக்கும் யதீம்கானாவுக்கும் கொடுப்பதைக் கடைசியில் கொடுக்காமல் முதலில் கொடுங்கள். முதல் தம் உடைத்ததுமே அவர்களுக்கென்று ஒரு தேக்சாவை ஒதுக்கி, ளுஹருக்கு முன் அனுப்பிவிட்டால் பிள்ளைகள் சுடச்சுடச் சாப்பிடுவார்கள். பந்தி முடிந்து மீந்ததை 2 மணி நேரத்துக்குள் பிரித்துக் கொடுத்து, "உடனே சாப்பிடுங்கள், ராத்திரிக்கு வைக்காதீர்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புங்கள். சஹனில் கை பட்டு மீந்த சோற்றைத் தேக்சாவுக்குள் திரும்பக் கொட்டவே கூடாது. நான்கைந்து பேரின் விரல்கள் பட்ட சோறு அது. ஸ்டஃபைலோகாக்கஸ் இறங்குவதற்கு அதைவிட நேரான வழி இல்லை. உண்மையில் சஹனில் போதுமான அளவு மட்டும் வைத்து, கேட்டால் மறுபடி வைத்தால் இந்த மீதியே வராது. பெருமைக்காக மலை போலக் குவிக்கிறோம்.

கோழியை எத்தனை தடவை கழுவுவது?

இரத்தம் நஜீஸ் என்பதால், தண்ணீர் கண்ணாடி போல ஓடும் வரை கோழியைக் குழாயடியில் கழுவுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குர்ஆன் (6:145) தடுத்திருப்பது ஓட்டப்பட்ட இரத்தத்தை. முறைப்படி அறுத்து இரத்தம் ஓடிய பிறகு சதையிலும் நரம்பிலும் தங்கியிருப்பது மன்னிக்கப்பட்டது என்பதே ஃபிக்ஹு அறிஞர்களின் நிலைப்பாடு. அறுத்த இடத்தில் ஒட்டிய இரத்தத்தையும் இறகையும் நீக்குமளவு கழுவினால் மார்க்கக் கடமை முடிந்தது.

கோழியின் குடலில் இயல்பாக வாழும் கேம்பைலோபாக்டரும் சால்மோனெல்லாவும் இறைச்சியின் மேல் ஒட்டியிருக்கும். வேகமாகக் குழாயைத் திறந்து கழுவும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்தில் கவிழ்த்திருக்கும் தம்ளர், தட்டு, நறுக்கி வைத்த கொத்தமல்லி எல்லாவற்றிலும் படும். மஞ்சள்தூள் போட்டு அலசினாலும் இக்கிருமிகள் போய்விடுவதில்லை. எனவே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் மெதுவாக அலசி, தண்ணீரை நிதானமாகக் கொட்டி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். கிருமியைக் கொல்லும் வேலையை அடுப்பு பார்த்துக்கொள்ளும். இறைச்சியின் நடுப்பகுதி 70 டிகிரியைத் தொட்டால் போதும், அதாவது உள்ளே இளஞ்சிவப்பு தெரியாமல், வடியும் சாறு தெளிவாக இருக்கும் வரை வேக வேண்டும். கறி வெட்டிய அதே கத்தியிலும் பலகையிலும் தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. கறி அடுப்புக்குப் போகிறது, வெங்காயம் போகிறதா?

சுத்தம் என்பதும் கிருமி இல்லாமை என்பதும் ஒன்றல்ல என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் அளவு, அதாவது சுமார் 200 லிட்டர் தண்ணீர் இருந்தால், நிறம், சுவை, மணம் மாறாதவரை அது நஜீஸ் ஆகாது. ஹவுளில் ஒளூ செய்யலாம் என்பதற்கான சட்டம் அது. ஹவுள் தண்ணீர் குடிக்க உகந்தது என்பதற்கு அது சான்றிதழ் இல்லை. ஹலாலாகவும் தய்யிபாகவும் உள்ளதை உண்ணுங்கள் என்று குர்ஆன் (2:168) இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. கடைப்பலகையில் ஹலால் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நாம் முதல் சொல்லோடு நின்றுவிடுகிறோம். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தார். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. ஷிகெல்லா மனித மலத்திலிருந்து கை வழியாகப் பரவுவது. இஸ்தின்ஜா செய்த கையைத் தண்ணீரில் நனைத்தால் மட்டும் போகாது, சோப்பு வேண்டும். தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தில் விடக் கூடாது என்றும், இரவில் பாத்திரங்களை மூடி வையுங்கள் என்றும், பாத்திரத்துக்குள் மூச்சு விடாதீர்கள் என்றும் கற்றுத் தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பச்சிளம் குழந்தைக்குத் தேன் வேண்டாம்

பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தேனில் நிவாரணம் உண்டு என்று குர்ஆன் (16:69) சொல்வதை நாம் முழுமையாக நம்புகிறோம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, ஒரு சொட்டும் கூடாது என்பது மருத்துவர்களின் உறுதியான எச்சரிக்கை. தேனில் சில சமயம் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் இருக்கும். பெரியவர்களின் குடல் அவற்றை முளைக்கவிடாது. குழந்தையின் குடலுக்கு அந்தத் திறன் இன்னும் வந்திருக்காது. அங்கே அவை முளைத்து, நரம்புகளை முடக்கும் நஞ்சை விடுகின்றன. முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கத் திணறுதல், மெலிந்த அழுகை, தலை நிற்காமல் துவளுதல் என்று போய் மூச்சே நிற்கும் அளவுக்குச் செல்லலாம். தேனை வீட்டில் சுட வைத்தாலும் இந்த வித்து சாகாது.

நபி (ஸல்) அவர்கள் குழந்தைகளுக்குத் தஹ்னீக் செய்தது பேரீச்சம்பழத்தால் என்றே புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. சுன்னத்தை நிறைவேற்றப் பேரீச்சம்பழம் போதும். அதையும் நன்கு கழுவி, சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் கூழாக மசித்து, இம்மியளவு மேலண்ணத்தில் தடவினால் போதும். சளி, இருமல், வாய்ப்புண் உள்ளவர் இதைச் செய்யாமல் வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. எடை குறைவாகவோ குறை மாதத்திலோ பிறந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

குர்பானி நாளில்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறோம். அறுத்த இறைச்சி வெயிலில் பிளாஸ்டிக் பைகளில் மணிக்கணக்கில் கிடக்கிறது. வந்த பங்குகளையெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் மொத்தமாகத் திணித்தால், காற்று சுழல இடமின்றிப் பெட்டியே குளிராமல் போகும். சிறு பொட்டலங்களாகத் தட்டையாகக் கட்டி உறைநிலைப் பெட்டியில் வையுங்கள், மீதியை அன்றே சமையுங்கள் அல்லது கொடுத்துவிடுங்கள். உறைந்த இறைச்சியை மேசையில் வைத்து உருக்காமல், முதல் நாள் இரவே பெட்டியின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்தால் காலையில் பதமாக இருக்கும். உறைய வைப்பதால் கிருமிகள் சாவதில்லை, தூங்குகின்றன.

வந்துவிட்டால் என்ன செய்வது?

வாந்தியிலும் பேதியிலும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்பும் இறங்கிவிடுவதுதான். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். அது கையில் இல்லையென்றால், காய்ச்சி ஆற்றிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல், அளவில் கவனம் வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. போன தடவை வாங்கி மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை நாமாகக் கொடுப்பதும், பேதியைக் கட்டுகிற மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், குடித்தது எதுவும் வயிற்றில் நிற்காமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, கண் குழிதல், குழந்தை மயங்கித் துவளுதல், பார்வை மங்குதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓதிப் பார்ப்பதோடு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108. கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இந்த அறிகுறிகள் வரும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

நோன்பாளிக்கு இப்படி ஆகிவிட்டால், மஃக்ரிப் வரை தாங்கிப் பார்ப்போம் என்று கிடக்கத் தேவையில்லை. நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான் (2:185). நோன்பை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம், உடல் தேறியதும் அந்த ஒரு நோன்பைக் களாச் செய்துகொள்ளலாம். பருவமடையாத பிள்ளைகளுக்கு அந்தக் களாவும் கடமையில்லை.